பொனட்டில் நீ வைத்த பொட்டு

பாக்கியம், நான் துடைக்கிற துணிகளிலிருந்தெல்லாம் பொத்தான் கழற்றித் தந்தவளே,

நான் ராமையாதான். எழுதுகிற கை என்னுடையதில்லை. எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நம் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிற மருத்துவச்சி அம்மா, டிஸ்பென்சரி மேசையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். இதைக் கொழும்புப் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்கிறார். அனுப்பட்டும். உன்னிடம் சொல்ல வேண்டியதை நாலு பேர் கேட்டால் எனக்கு வெட்கமில்லை. பதின்மூன்று வருசமாக ஒருவரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் வெட்கம்.

முதலில் நல்ல சேதி. கார் ஓடுகிறது.

எந்தக் கார் என்று கேட்பாய். நமக்கு வேறு எந்தக் கார்? சுதந்திரம் வந்த வருசம் பழைய துரை கொழும்பிலிருந்து கொண்டு வந்தாரே, காய்ச்சின பாலின் நிறத்தில், அதே கார்தான். முதுகு வலியோடு முள்ளுக் குத்தி மண் கிளற இவனால் ஆகாது என்று, மலையில் வேலை பார்க்கவைக்கிற கண்டாக்கையா என்னை மலையிலிருந்து நிறுத்தி, அதைக் கழுவுவதற்குப் பங்களாவுக்கு அனுப்பினார். மலையில் ஒரு ஆள் குறைந்தான், கராஜில் ஒரு கிளீனர் கூடினான். மற்றவர்களுக்கு அவ்வளவுதான். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையைத் துரை ஒரு தரம்தான் காட்டினார். மீதியைக் கார் காட்டியது. காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கக் கூடாது. நம் ரோட்டுத் தூசியில் பொடிக்கல் இருக்கிறது, தேய்த்தால் பூனை பிறாண்டினது போலக் கோடு விழும். தண்ணீரை ஊற்றி மண்ணைத் தானாக இறங்க விட வேண்டும். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சவர்க்காரத்துக்குப் போகலாம். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி, அது ஒருநாளும் மேலே ஏறக் கூடாது. வெயிலில் கழுவினால் புள்ளி பிடிக்கும், மூட்டத்தில் கழுவ வேண்டும். நம் மலையில் மூட்டத்துக்கா பஞ்சம்?

மாதம் ஒரு தரம் மெழுகு. அள்ளிப் பூசுகிறவனுக்கு வேலை தெரியாது. பூசினதே தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசி, அது மங்கி வெளுக்கும்வரை காத்திருந்து, பிறகு துடைக்க வேண்டும். அதற்குத்தான் நீ துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திச் சேலையைக் கிழித்துத் தருவாய். பழைய சட்டை என்றால் பொத்தானையும் கொக்கியையும் கழற்றிவிட்டுத் தருவாய். ஒரு பொத்தான் மாட்டிக்கொண்டால் ஒரு கதவு பாழ் என்று நான் ஒரு தரம் சொன்னதை நீ மறந்ததே இல்லை.

ஒரு நாள் மதியச் சோறு கொண்டு வந்தவள், நான் மெழுகு துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"என் மொகத்த ஒரு நாளாவது இப்புடித் தொடச்சிருப்பீங்களா?"

"ஒம் மொகம் நாள் முச்சூடும் மழையில நிக்கிது. தானா கழுவிக்கிது."

"அப்ப காரையும் மழையில நிப்பாட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறோம்."

டிரைவர் பியசேன சிரித்ததில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. அவரைத் துடைக்கவும் உன் சேலைத் துண்டுதான்.

அடுத்த வருசம் ஆயுத பூசை வந்தது. நான் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், நீ தட்டோடு கராஜுக்குள் புகுந்துவிட்டாய். வந்து பார்த்தால் பொனட்டின் நடுவில், நெற்றியில் வைப்பது போல, ஒரு குங்குமப் பொட்டு. ஒட்டி நிற்கட்டும் என்று அதை எலுமிச்சம்புளியில் வேறு குழைத்திருந்தாய்.

"என்னா புள்ள பண்ணிட்ட?"

"கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு, முள்ளுக்குப் பொட்டு, கொழுந்துக் கூடைக்கும் பொட்டு. ஒங்க ஆயுதத்துக்கு மட்டும் நெத்தி காலியா இருக்கணுமா?"

நீ வைத்த கையைத் தட்டிவிட மனசு வரவில்லை. சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். சாயங்காலம் துடைத்தபோது குங்குமம் போய்விட்டது. எலுமிச்சை பெயின்டைத் தின்றிருந்தது. ஒரு ரூபாய் அகலத்தில் மங்கலாக ஒரு வட்டம்.

துரை பார்த்தார். "என்னா ராமையா, கார்க்கு கல்யாணம் முடிஞ்சா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு மார்க் வந்தா நீ மலைக்கு போறது," என்றார். அந்த முதுகோடு மலைக்குப் போனால் எத்தனை நாள் தாங்குவேன்? வேலை போனால் நாம் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். அந்த வட்டத்தை மெழுகுக்குக் கீழே மறைத்தேன். அன்று முதல் கறை என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகத் துணியைத் தேடும். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதைய சேதிக்கு வருகிறேன். பழைய துரை நாலு வருசத்துக்கு முன் சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை நம் நாட்டு ஆள், ஜீப்பில் போகிறவர். காரைப் பழைய கராஜில் தள்ளிவிட்டார்கள். பின் சீட்டில் கோழி அடைகாத்தது. கண்ணாடி ரப்பரில் பாசி. நிறம் புளித்த மோர் போல ஆகிவிட்டது. என் பேரையும் அந்த வருசமே, சம்பளம் போடுகிற செக்ரோலில் வெட்டிவிட்டார்கள். நான் டயகமவில் வாழ்க்கைப்பட்ட நம் மகளோடு கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன், சரிப்படவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அவள் சுகமாக இருக்கிறாள்.

மாதக் கடைசியில் பழைய இரும்பு ஏற்றுகிற லொறி வந்து காரைக் கொண்டுபோகும் என்று பேச்சு. அப்போதுதான் மருத்துவச்சி அம்மா துரையிடம் போனார். பிள்ளைத்தாச்சிகளைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இனி முடியாது, அந்தக் காரை டிஸ்பென்சரிக்குத் தாருங்கள் என்று கேட்டார். துரை கராஜுக்கு வந்து கார்க் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார்.

"இதுல ஏத்தினா நோயாளிக்கு நோய் கூடும் நேர்ஸ்."

"கழுவினா சரியாகும் சேர்."

"யார் கழுவுறது?"

நான் வாசலில் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். "நான் செய்றேன் துரை," என்றேன்.

"நீ பேர் வெட்டின ஆள்தானே?"

"பேரத்தாங்க வெட்டினாங்க. கைய வெட்டல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. பத்து நாள். பதினோராம் நாள் வெள்ளைக் காற்சட்டை போட்டு வருவேன். ஹட்டன் போய்த் திரும்பி வந்து காற்சட்டை வெள்ளையாவே இருந்தா கார் டிஸ்பென்சரிக்கு. இல்லாட்டி லொறிக்கு."

பியசேன இன்னும் இருக்கிறார், பாக்கியம். தலை முழுக்க நரைத்துவிட்டது. எஞ்சினை அவர் பார்த்துக்கொண்டார். "அண்ணே, நெஞ்சு நல்லா இருக்கு. தோல்தான் போச்சு," என்றார். தோல் என் பாடு.

முதல் நாள் முழுக்கக் கோழியோடு சண்டை. பிறகு சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டேன். பூஞ்சணத்தை உள்ளே வைத்துத் தட்டினால் அது வேறு இடத்தில் போய் உட்காரும். வினாகிரிக் காடியும் தண்ணீரும் கலந்து நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், பிறகு சவர்க்கார நுரையால். காய வைக்க இடம் வேண்டும்; நம் ஊர் மழையில் தோல் சீட்டு எங்கே காயும்? ஸ்டோருக்குப் போய், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் ஒரு மூலை கேட்டேன்.

டீமேக்கர் ஐயா பதறிப்போனார். "ஏன்யா, தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கும்னு ஒனக்குத் தெரியாது? ஒன் கோழிப்பீ நாத்தம் லண்டன் வரைக்கும் போகணுமா?"

"இழுத்துக்குமாங்க?"

"பின்ன?"

"அப்ப ரெண்டு சாக்குக் கழிவுத் தூள் தாங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டுகளை அடுப்பு வீட்டின் வெளிச் சுவரோரம் காய வைக்கச் சொன்னார், இரண்டு சாக்குக் குப்பைத் தூளும் தந்தார். காருக்குள் அதைப் பரப்பிக் கண்ணாடிகளை ஏற்றி மூன்று நாள் மூடி வைத்தேன். நாலாம் நாள் கதவைத் திறந்தால் தேயிலை வாசம் மட்டும். இந்த உபாயத்தைப் பழைய துரை காட்டவில்லை. தேயிலையை உன் கூடையில் எத்தனை வருசம் சுமந்தாய், நமக்கு இது தோன்றாமல் போயிற்றே.

வெளிப்பக்கத்துக்குப் பங்களாச் சமையல்கார அப்பு, பித்தளை துலக்குகிற பசையில் பாதித் தகரம் தந்தார். எடுத்தவுடன் பொனட்டில் வைக்கவில்லை. பின் மூடியின் அடியில், யார் கண்ணுக்கும் படாத மூலையில் தேய்த்துப் பார்த்தேன். துணியில் வெள்ளையாகச் செத்த பெயின்ட் இறங்கியது. அடியில் நம் பால் நிறம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு உள்ளங்கை அகலம், அது முடிந்தால் அடுத்த உள்ளங்கை. அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும், பெயின்டும் சேர்ந்து முடியும். அறுபத்து மூன்று வயதுக் கைக்கு அழுத்தவும் வராது என்பது நல்லதாகப் போயிற்று.

ஏழாம் நாள் பொனட். தேய்த்துக்கொண்டே வந்தவன் நடுவில் கையை நிறுத்தினேன். சுற்றிலும் பளபளக்க, நடுவில் ஒரு ரூபாய் அகலத்தில் மங்கல். நிறமெல்லாம் எப்போதோ போய்விட்டது. வட்டம் மட்டும், நீ வைத்த இடத்தில்.

இன்னும் நாலு தரம் பசை வைத்துத் தேய்த்தால் போய்விடும் என்று கைக்குத் தெரிந்தது. நான் அதைச் சுற்றித் துடைத்துவிட்டு நகர்ந்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

பதின்மூன்று வருசத்துக்கு முன், அன்று உனக்கு வயிற்றில் ஏழு மாதம். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். மலையில் வழுக்கி விழுந்தாய் என்று, நாலு பெண்கள் உன்னை, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் வைத்துக் கராஜ் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். சாக்கு நனைந்து சிவந்திருந்தது. துரை வேறொரு துரையின் காரில் நுவரெலியா போயிருந்தார். நம் கார் உள்ளே நின்றது. அன்று காலைதான் மெழுகு துடைத்து முடித்திருந்தேன். சீட்டுக்கு எண்ணெய் தடவியிருந்தேன்.

பியசேன பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏத்துங்க அண்ணே. தொரைகிட்ட நா சொல்றது," என்றார்.

நான் சொன்னேன்: "சீட்டு கறையாயிரும். லொறி வரட்டும்."

துரை சொல்லவில்லை. கண்டாக்கையா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நீ என்னைப் பார்த்தாய். "லொறியே போதுங்க," என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய்? எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தாயா? என்னோடு மல்லுக்கட்ட மூச்சு இல்லையா? இல்லை, நான் கறையைப் பற்றிப் பேசிய பிறகு அந்தக் காரில் ஏற உனக்கே மனசில்லையா? இந்த மூன்றையும் நான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

லொறி கொழுந்து இறக்கி முடித்து வர முக்கால் மணி நேரம். பாலத்துக்கு முந்தின வளைவில் உன் கை என் கையை விட்டது. காரில் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று பின்கதவைத் திறந்து பார்த்தேன். சீட்டில் ஒரு கறையும் இல்லை.

பியசேன இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் இதைப் பற்றிப் பேசினதில்லை.

இந்த இடத்தில் மருத்துவச்சி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத எழுதணுமா தாத்தா?" என்றார்.

"எழுதுங்கம்மா. அழுக்குக்கு மேல மெழுகு பூசக் கூடாது."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுதினார். மூக்கைச் சிந்தினதை எழுத வேண்டாம் என்றார். நான் எழுதச் சொன்னேன்.

பதினோராம் நாள் துரை வந்தார். சொன்னபடி வெள்ளைக் காற்சட்டை. லயத்திலிருந்து பாதி ஆட்கள் வந்து வேலியோரம் நின்றார்கள். துரை கைக்குட்டையை எடுத்துப் பொனட்டில் இழுத்துப் பார்த்தார், கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"தேயிலை வாசம் வருதே."

"ஆமாங்க. நம்ம வாசந்தானுங்க."

இறங்கி முன்பக்கம் வந்தவர், பொனட்டின் நடுவில் குனிந்து பார்த்தார்.

"இது என்ன வட்டம்?"

"எம் பொண்டாட்டி பொட்டு வச்ச எடங்க."

"போகாதா?"

"போகுங்க. நான் விடல."

அவர் திரும்பிப் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பியசேன காரை எடுத்தார். ஹட்டனுக்குப் போய்வரும்வரை நான் கராஜ் வாசலை விட்டு நகரவில்லை; கால் மரத்துப்போயிற்று. திரும்பி வந்து இறங்கியதும் துரை வேலியோரம் நின்ற கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, "பாத்துக்கங்க, வெள்ளையா?" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும்.

அதற்கு மறு கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மூன்றாம் லயத்துச் சிவகாமிக்குச் சொன்ன நாள் தாண்டி வலி கண்டது, இரத்தமும் போயிற்று. மத்தியான நிறுவை நேரம், அதே வெளிச்சம். அவள் புருசன் மாணிக்கம் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்தான். பியசேன பின்கதவைத் திறந்தார். திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். பதின்மூன்று வருசத்தில் அவர் இதைப் பற்றிப் பேசினது அந்தப் பார்வை ஒன்றுதான்.

மாணிக்கம் கதவருகில் வந்து நின்றுவிட்டான். உள்ளே பளபளப்பைப் பார்த்தான், அவள் சேலையைப் பார்த்தான். "சாக்கு எடுத்தாறேன் மாமா. சீட்டு கறையாயிரும்," என்று திரும்பினான்.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"ஏத்துடா. கறையத் தொடைக்கத்தான் நான் இருக்கேன்."

ஏற்றினோம். மருத்துவச்சி அம்மாவும் ஏறிக்கொண்டார். கார் பாலத்துக்கு முந்தின வளைவில் திரும்பி மறைகிறவரை பார்த்தேன். பாலத்தைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. மரப்பலகைச் சத்தம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இரண்டு தரம். அதைக் கேட்ட பிறகுதான் கீழே உட்கார்ந்தேன்.

பெண் பிள்ளை. தாயும் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை அழைத்துவரக் கார் போகும்.

அன்று சாயங்காலம் வந்த காரின் பின்சீட்டு முழுக்கக் கறை. இரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, பாக்கியம். சூடு பட்டால் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் உப்புக் கரைத்து, துணியைப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. துணி சிவக்கச் சிவக்க மாற்ற வேண்டும். பன்னிரண்டு துணி ஆயிற்று. தையல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டது. நிற்கட்டும். பொனட்டில் ஒன்று, சீட்டில் ஒன்று.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கால் நடக்கிறவரை, காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலை ஏறுகிற நேரத்துக்குள் அந்தக் கார் கழுவித் துடைத்து, மூக்கு ரோட்டைப் பார்த்தபடி நிற்கும். பின்கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கும். எந்த லயத்திலிருந்து யார் வந்தாலும் சாக்குத் தேட விடமாட்டேன். எனக்குப் பிறகு செய்ய மாணிக்கத்தையே பழக்குகிறேன், அவனும் கேட்டுக்கொண்டான். ஆயுத பூசைக்கு அந்த வட்டத்திலேயே பொட்டு வைப்பேன். எலுமிச்சை மட்டும் கலக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

துணிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். இந்தக் காலத்துப் பெண்கள் பொத்தானைக் கழற்றாமல் தருகிறார்கள். நானே கழற்றிக்கொள்கிறேன்.

மருத்துவச்சி அம்மா மைப் பெட்டியை நீட்டுகிறார். வேண்டாம் என்றேன். விரலில் டயருக்குப் பூசின கறுப்பு மெழுகு இருக்கிறது, அதுவே பதியும்.

உன் வீட்டுக்காரன்,
ராமையா
(இடது கைப் பெருவிரல்)